வாசகர் கேள்வி: ட்ரோனின் தொடர்பு எவ்வளவு தூரம் எட்டும்?

கேள்வி: நானே பொருத்திய சிறிய ட்ரோனை எங்கள் வயல்வெளியில் பறக்கவிடுகிறேன். றிமோட் 8 கிலோமீற்றர் எட்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஆனால் தென்னந்தோப்பைத் தாண்டியதும் 600 மீற்றரிலேயே தொடர்பு அறுந்துவிட்டது. உண்மையான தூரத்தை முன்கூட்டியே கணக்கிட முடியுமா?
- ஒரு வாசகர், காரைதீவு

பதில்: முடியும். கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும். உங்கள் றிமோட் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் இயங்கினால், அந்த அலை தடையற்ற வெளியில் முதல் கிலோமீற்றரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 100 டெசிபல் (வலு எத்தனை மடங்கு கூடுகிறது, குறைகிறது என்பதைக் கூட்டல் கழித்தலாக்கும் அலகு) இழக்கிறது. அதன்பின் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் மேலும் 6 டெசிபல் போகும். உங்கள் றிமோட் 100 மில்லிவோற் வலுவுடையது என்றால் அது 20 டிபிஎம் (ஒரு மில்லிவோற்றோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு). றிமோட்டிலும் ட்ரோனிலும் உள்ள அன்ரனாக்கள் ஆளுக்கு 2 டெசிபல் கூட்டுகின்றன என்று வைப்போம். ட்ரோனிலுள்ள றிசீவர் மைனஸ் 95 டிபிஎம் வரை நலிந்த சமிக்ஞையையும் கேட்கக்கூடியது என்று வைத்தால், வழியில் இழக்கக்கூடிய கையிருப்பு மொத்தம் 20 + 2 + 2 + 95 = 119 டெசிபல். (உங்கள் றிசீவரின் கையேட்டிலுள்ள எண்ணை இதில் இட்டுப் பாருங்கள்.) ஒரு கிலோமீற்றரில் 19 மிஞ்சும். அதையும் முழுவதும் செலவழித்தால் 9 கிலோமீற்றருக்குக் கிட்டவாகப் போகலாம். பெட்டியில் போடும் தூரங்கள் பெரும்பாலும் இப்படிச் சேமிப்பே வைக்காத கணக்குகள்தாம்.

ட்ரோன் சரிந்து திரும்பும்போது சமிக்ஞை சட்டென்று விழும் என்பதால், 15 டெசிபலையாவது தொடாமல் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்போது எட்டுவது 1.6 கிலோமீற்றர். இடையில் நிற்கும் தென்னைகள் 10 டெசிபலை விழுங்கினால் 500 மீற்றர். மழை பெய்து ஓலைகள் நனைந்திருக்கும் மாரி காலத்தில் இழப்பு இன்னும் கூடும்.

மரங்களின் இடைவெளியில் ட்ரோன் கண்ணுக்குத் தெரிந்தாலும் அது போதாது. றிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் இடையில், இரு முனையும் ஒடுங்கி நடுவில் பருத்த, தடையற்ற இடம் அலைக்கு வேண்டும். ஒரு கிலோமீற்றர் தொடர்பில் நடுவழியில் அதன் ஆரை ஐந்தரை மீற்றர் அளவு. வரம்பில் நின்றுகொண்டு ட்ரோனைத் தாழப் பறக்கவிட்டால் நிலமே அந்த இடத்துக்குள் புகுந்துவிடும். வலுவை நான்கு மடங்காக்கினாலும் தூரம் இரண்டு மடங்குதான் ஆகும். ஆகவே பணத்தைச் செலவழிக்குமுன் காவல் பரணில் ஏறி நின்று பாருங்கள். அன்ரனாவின் நுனியை ட்ரோனை நோக்கி நீட்டாதீர்கள், ஏனெனில் நுனித் திசையில்தான் கதிர்வீச்சு மிகக் குறைவு. கோலின் பக்கவாட்டுப் பகுதியே ட்ரோனைப் பார்க்க வேண்டும்.

ட்ரோனைக் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள்ளேயே பறக்கவிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி என்பதால், இந்தக் கணக்கு அதிக தூரம் போவதற்கானதன்று, பறக்கும் தூரத்தில் எவ்வளவு சேமிப்பு மிஞ்சுகிறது என்று அறிவதற்கானது. அதைச் சோதிக்க, விசிறிகளைக் கழற்றிவிட்டு ட்ரோனைப் பரணில் வையுங்கள். றிமோட்டின் வலுவை 10 மில்லிவோற்றுக்குக் குறைத்து, தொடர்பு அறும்வரை வரம்பு வழியே நடந்து செல்லுங்கள். அதே திசையில், வழியில் புதிய தடை எதுவும் இல்லாவிட்டால், 100 மில்லிவோற்றில் அதைப்போல் மூன்று மடங்கு தூரம் எட்டும்.