மும்பையில் நாங்கள் ஒரு சிறிய தமிழ்க் குழு. சிக்கிள் செல் (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்துபோகும் பரம்பரை ரத்த நோய்) நோயாளிகளுக்காகப் பரிசோதனை முகாம் நடத்தலாமா?

தமிழர் அதிகம் வாழும் தாராவியிலோ செம்பூரிலோ பொதுமுகாம் போடுவதால் பெரிய பலன் இருக்காது. தமிழ்நாட்டில் இந்த நோய்க்கான மரபணு பெரும்பாலும் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். 1952-லேயே அங்கு கண்டறிந்துவிட்டார்கள். மகாராஷ்டிரத்தில் விதர்பாவிலும் நந்துர்பார் பக்கமும் அதிகம். அங்கிருந்து வைத்தியத்துக்கு மும்பை வரும் குடும்பங்களுக்குத் துணை நில்லுங்கள்.

முகாமில் செய்யும் கரைதிறன் சோதனை (ரத்தத்தைக் கரைசலில் கலந்து பார்ப்பது), நோயாளி யார், மரபணுவைச் சுமப்பவர் யார் என்று பிரித்துச் சொல்லாது. ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தையிடமும், அண்மையில் ரத்தம் ஏற்றியவரிடமும் தவறலாம். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி சோதனை எடுத்தால்தான் உறுதி. பரேல் கேஇஎம் மருத்துவமனை வளாகத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ரத்தவியல் நிறுவனமே இருக்கிறது.

பெரிய சறுக்கல் மாத்திரையில்தான். இந்த நோய்க்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸியூரியா வலியைக் குறைக்க மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். "ரெண்டு மாசமா சாப்பிடறேன், வலி போகலை" என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். தொடக்க அளவு பொதுவாக எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மி.கி.; 50 கிலோ எடையுள்ளவருக்கு 500 மி.கி. கேப்சூல் ஒன்று. ஆரம்பத்தில் மாதம் ஒருமுறையாவது ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளையணு குறைந்தால் மருத்துவர் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்வார். பலர் அதையே 'இனி வேண்டாம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஐந்து குடும்பம் எடுத்துக்கொண்டு, மாத்திரை தீர்வதற்குப் பத்து நாள் முன்பு போன் செய்யுங்கள். இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தோன்றவில்லை.

காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினால் வீட்டில் பாராசிட்டமாலோடு காத்திருக்கக் கூடாது. இந்த நோயில் மண்ணீரல் பழுதாகியிருப்பதால் கிருமி சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவிவிடலாம். மழைக்காலத்தில் 'டெங்குவாக இருக்கும்' என்று ஒரு நாள் போனாலும் ஆபத்து. இரவில் யார் வண்டி கொண்டுவருவது என்பதை இப்போதே முடிவு செய்து வையுங்கள். சோகை என்றதும் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். அடிக்கடி ரத்தம் ஏற்றுபவர் உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுதியாகத் தேங்கியிருக்கும்.

ரத்ததானம் நல்ல வேலைதான், ஆனால் ஏ, பி, ஓ பொருத்தம் மட்டும் போதாது. ஆர்எச் வகையின் சி, ஈ, கூடவே கெல் என்ற இன்னொரு ரத்த வகை ஆகியவையும் பொருந்தாவிட்டால் உடலில் ஏற்றிய ரத்தத்துக்கு எதிர்ப்பொருள்கள் உருவாகி, அடுத்தடுத்து ரத்தம் கிடைப்பதே திண்டாட்டமாகிவிடும். ஆண்டுக்கு ஒரு நாள் நூறு பேர் கொடுப்பதைவிட, முழு வகையும் சோதித்து வைத்த இருபது பேர் முறை வைத்துக் கொடுப்பது மேல். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

யாருடைய பெயரையும் முடிவையும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மரபணுவைச் சுமப்பவர் நோயாளி அல்ல. ஆனாலும் செய்தி கசிந்தால் பெண்ணின் சம்பந்தம் தட்டிப்போகும். கணவன், மனைவி இருவருமே சுமப்பவர்களானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. இதை அந்த இருவரிடம் மட்டும், அவர்கள் மொழி தெரிந்த ஆலோசகரை வைத்துச் சொல்லுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இந்த நோயும் இருக்கிறது, சான்றிதழுக்கு விண்ணப்பம் நிரப்பவும் கூட நில்லுங்கள்.