லீவு லெட்டரில் எவ்வளவு எழுதலாம்?

பக்கத்து சீட்டுக்காரருக்கு மூலம் ஆபரேஷன் நடந்தது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அதே பேச்சு. நேற்று போனில் போட்டோவே காட்டிவிட்டார். வயதில் மூத்தவர், எப்படிச் சொல்வது?
— வாசகர், ஓசூர்

சாம்பார் சாதத்துக்கு நடுவிலா! ஆபரேஷன் பயம் தெளிகிற வரை யாரிடமாவது கொட்டத் தோன்றும். வீட்டில் காது கொடுக்க ஆள் இல்லையோ என்னவோ. "சார், சாப்பிடும்போது மட்டும் வேண்டாமே, டீக்குப் போகும்போது சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். போனை நீட்டினால் கையில் வாங்காதீர்கள்.

ஐ.வி.எஃப். சிகிச்சையில் இருக்கிறேன். மனசு சரியில்லாத ஒரு நாள் ஆபீஸ் அக்கா ஒருவரிடம் சொன்னேன். இப்போது மொத்த செக்‌ஷனும் "நல்ல சேதி உண்டா?" என்கிறது. ஒருவர் திருக்கருகாவூர் நெய்யையே மேஜையில் வைத்துவிட்டார்.
— வாசகி, கோவை

நெய் வைத்தவர் மேல் கோபம் வேண்டாம், அவருக்குத் தெரிந்த அன்பு அது. சங்கடம் வேறு இடத்தில். இந்தச் சிகிச்சைக்கு ஒரு நாள்கணக்கு உண்டு: ஊசி, கருமுட்டை எடுப்பது, கரு வைப்பது, பிறகு ரத்தப் பரிசோதனைக்குச் சுமார் 2 வாரக் காத்திருப்பு. அந்தக் கணக்கு இப்போது ஆபீசுக்கே தெரியும். ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் "ஸ்கேனா?" என்பார்கள். பலிக்காமல் போனால் நீங்கள் அழுது முடிக்கும் முன்பே ஆறுதல் வந்து நிற்கும்.

முதலில் அந்த அக்காவைத் தனியாகப் பாருங்கள். "நம்பித்தான் சொன்னேன் அக்கா. இனி யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடுங்க." மற்றவர்களுக்கு எப்போதும் ஒரே பதில்: "சேதி இருந்தால் நானே சொல்றேன்." கூடவே விளக்கம் கொடுத்தால் அடுத்த கேள்வி கிளம்பும். லீவு லெட்டரில் "மருத்துவக் காரணம்" போதும். ஒருவேளை கரு கலைந்தால், சம்பளத்துடன் 6 வார விடுப்பு 1961 மகப்பேறு பலன் சட்டத்திலிருந்தே இருக்கிறது. அதற்கான சான்றிதழ் ஹெச்.ஆர். கைக்கு மட்டும் போகட்டும்.

எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரை எடுப்பதால் 2 வருடமாக வரவில்லை. புது வேலையில் சொல்லவா, மறைக்கவா?
— வாசகர், மதுரை

இரண்டு பேருக்குச் சொல்லுங்கள்: பக்கத்து சீட்டுக்காரர், அவர் லீவில் இருந்தால் இன்னொருவர். ஏனென்றால் வலிப்பு வந்தால் நம் ஊரில் ஓடிவருபவர் முதலில் தேடுவது சாவிக்கொத்தை. அது எதற்கும் உதவாது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, கைகாலை அமுக்கக் கூடாது, 5 நிமிடம் தாண்டினால் 108. இது தெரிந்தால் போதும். எந்த வயதில் தொடங்கியது, எத்தனை வரன் தட்டிப்போனது என்பதெல்லாம் அவர்களுக்கு எதற்கு? ஆனால் வண்டி ஓட்டுவது, மெஷின், உயரத்தில் ஏறுவது என்று வேலை இருந்தால் கம்பெனி டாக்டரிடம் மறைக்கவே மறைக்காதீர்கள்.

மேனேஜர் மெடிக்கல் சர்டிஃபிகேட்டை வாட்ஸப் குரூப்பில் போடச் சொல்கிறார்.
— வாசகி, சென்னை

போடாதீர்கள். "ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்பிவிட்டேன் சார்" என்று மட்டும் குரூப்பில் எழுதுங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார், யோசித்திருக்க மாட்டார். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். நான் ஹெச்.ஆரில் சேர்ந்த புதிதில் லீவு லெட்டர் ஃபைல் மேஜை மேலேயே கிடக்கும். ஒரு நாள் டீ கொண்டுவந்த பையன் கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டான்: "அக்கவுன்ட்ஸ் அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்துட்டாங்களாமே சார்?" அன்று சாயங்காலமே பீரோவுக்குப் பூட்டு வாங்கினேன்.