வரைபடத்தில் மாவட்டங்களை ஒப்பிடும்போது: வாசகர் கேள்வி பதில்

கே: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, லீஃப்லெட்டில் (இணைய வரைபடம் செய்ய உதவும் நிரல் தொகுப்பு) தமிழ்நாட்டு மாவட்ட வரைபடம் செய்தேன். மக்கள் அடர்த்திக்கு ஐந்து நிறம் கொடுத்தால் சென்னை மட்டும் கருஞ்சிவப்பு, மற்றதெல்லாம் வெளிர்மஞ்சள். ஏன்?

ப: இடைவெளியைச் சமமாகப் பிரித்திருக்கிறீர்கள். சென்னையில் சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். அடுத்து வரும் கன்னியாகுமரியில் 1,111 பேர்தான். ஐந்தாகப் பிரித்தால் ஒரு பிரிவே 5,300-ஐத் தாண்டுகிறது. மீதி 31 மாவட்டங்களும் முதல் பிரிவில் அடங்கிவிடுகின்றன. சென்னைக்குத் தனி நிறம் கொடுங்கள். மற்றவற்றை வரிசைப்படுத்தி, பிரிவுக்கு ஏழெட்டு மாவட்டமாக நான்காகப் பிரியுங்கள். பெரிதாக்கும்போதோ வடிகட்டும்போதோ இந்த எல்லை எண்கள் மாறவே கூடாது. மாறினால் அதே மஞ்சள் வேறொரு எண்ணைக் குறிக்கும், பார்ப்பவர் ஏமாறுவார்.

கே: ஒரு மாவட்டத்தைக் கிளிக் செய்து தேர்ந்தெடுத்தபின் மவுஸை நகர்த்தினால், அதன் தடித்த கோடு போய்விடுகிறதே?

ப: மவுஸ் வெளியேறும்போது ஓடும் ‘ரீசெட்ஸ்டைல்’ (கோடு, நிறத்தைப் பழையபடி ஆக்கும் லீஃப்லெட் கட்டளை), தேர்ந்த மாவட்டத்தையும் பழைய கோலத்துக்குத் திருப்பிவிடுகிறது. கிளிக் செய்த மாவட்டத்தின் குறியீட்டை ஒரு மாறியில் (variable) வைத்து, ‘இது அதுவா?’ என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் மட்டும் ரீசெட் செய்யுங்கள். பக்கத்து மாவட்டத்தை ‘பிரிங்டுஃப்ரன்ட்’ என்ற கட்டளை மேலே கொண்டுவந்தால், அதன் கோடு பொதுஎல்லையில் தேர்ந்ததன் கோட்டை மூடும். ஆகவே தேர்ந்ததைக் கடைசியில் இன்னொரு முறை மேலே கொண்டுவாருங்கள்.

தகவல் பெட்டியில் இரண்டு எண்களை மட்டும் போட்டு, கணக்கை வாசகர் தலையில் கட்டாதீர்கள். கன்னியாகுமரியைத் தேர்ந்து சென்னைக்குப் போனால் ‘கிட்டத்தட்ட 24 மடங்கு’ என்று பெட்டியே சொல்லட்டும். கைபேசியில் மவுஸ் கிடையாது: முதல் தொடுதல் தேர்வு, அடுத்தது ஒப்பீடு, வெற்றிடத்தைத் தொட்டால் நீக்கம். அன்றைய சென்னை 175 சதுர கிலோமீட்டர்தான். சின்னத் திரையில் விரலுக்கு அகப்படாது. பக்கத்தில் ஒரு பட்டை வரைபடம் வையுங்கள். பட்டையைத் தொட்டாலும் மாவட்டம் ஒளிரட்டும்.

கே: அதே எண்களை இன்றைய 38 மாவட்ட எல்லையில் பொருத்தலாமா?

ப: வேண்டாம். 2011-இல் இருந்தவை 32. தென்காசி உள்ளிட்ட ஆறு மாவட்டங்கள் வெற்றாக நிற்கும். அதைவிட மோசம், தென்காசி பிரிந்து சுருங்கிய திருநெல்வேலி பழைய முழு எண்ணையே காட்டும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. புதிய எல்லைதான் வேண்டுமென்றால் கிராம, நகர அளவுத் தரவைக் கூட்டித்தான் வரவேண்டும். வட்டங்களிலும் (தாலுகா) பல இடையில் உடைந்திருக்கின்றன. இணைக்கும்போது ஊர்ப்பெயரை நம்பாமல் கணக்கெடுப்புக் குறியீட்டைப் பயன்படுத்துங்கள். தூத்துக்குடிக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் கோப்புக்குக் கோப்பு மாறும்.