ஹோம் நர்ஸ் கொஞ்சம் கைகட்டி நிற்கட்டும்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் வீடு. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, பாதி மூட்டு மாற்றி ஆறு வாரம் ஆகிறது. நான் மஸ்கட்டில் இருக்கிறேன். கூடவே தங்கும் ஹோம் நர்ஸ் தங்கமானவர். கஞ்சியைக்கூட ஊட்டித்தான் விடுகிறார். ஆனால் அம்மா கட்டிலை விட்டு எழும்புவதே இல்லை. நர்ஸை எத்தனை நாள் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்?

பதில்: முறிந்தது இடுப்பு. கைக்கு என்ன ஆயிற்று, ஊட்டி விடுவதற்கு?

நர்ஸைக் குறை சொல்லவில்லை. அம்மா மறுபடி விழுந்தால் பழி தன் தலையில் வருமே என்று அவருக்குப் பயம். கட்டிலில் கிடப்பவர் விழமாட்டார் அல்லவா? 'அம்மாவை ஒரு வேலையும் செய்ய விடாதீங்க' என்று நீங்களும் போனில் சொல்லியிருப்பீர்கள். அதை இன்றே மாற்றிச் சொல்லுங்கள்: 'அம்மா நடக்கணும். நீங்க பக்கத்துல நின்னும் தடுமாறினா உங்களைக் குத்தம் சொல்லமாட்டோம்.'

இந்த அறுவை முடிந்து ஓரிரு நாளிலேயே வாக்கரோடு நிற்க வைப்பதுதான் வழக்கம். ஆறு வாரம் படுத்தே கிடந்ததில் தொடைத்தசை கரைந்திருக்கும். காலில் முழுப் பாரம் கொடுக்கலாமா என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நாற்காலியிலிருந்து ஆரம்பியுங்கள்.

இருக்கை முழங்காலைவிடச் சற்று உயரமாக, கைப்பிடியோடு இருக்கட்டும். அம்மா விளிம்புக்கு நகர்ந்து, ஆபரேஷன் செய்த காலைச் சற்று முன்னே நீட்டி, இரண்டு கையாலும் கைப்பிடியை அழுத்தி எழும்ப வேண்டும். வாக்கரைப் பிடித்து எழுந்தால் அது கவிழும். நர்ஸ் அந்தக் கால் பக்கம் நின்று இடுப்பில் கை வைத்தால் போதும். கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு கெடும். இருபது எண்ணும்வரை அம்மா திணறினாலும் பொறுக்க வேண்டும். அந்த இருபதுதான் சிகிச்சை. காலை ஐந்து தடவை, மாலை ஐந்து தடவை.

குரண்டியில் (தாழ்வான மரப்பலகை), தரையில் உட்காருவதும், குந்துவதும், காலைக் குறுக்கே போடுவதும் டாக்டர் சொல்லும்வரை வேண்டாம்.

பல் தேய்ப்பது, தலை சீவுவது, சாப்பிடுவது எல்லாம் இன்று முதல் அம்மாவே. பிறகு மேசையில் உள்ளி உரிப்பது, முருங்கைக்கீரை ஆய்வது. குளியல்தான் கடைசி. சுவரில் கைப்பிடிக் கம்பி, தரையில் வழுக்காத கால்மிதி போட்ட பிறகே அதற்குப் போகலாம். ஈரத்தரையில் பிளாஸ்டிக் நாற்காலி போடாதீர்கள், சறுக்கும். நம்மூரில் இரண்டு பருவமழையும் பெய்வதால் முற்றத்துப் பாசியைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

கஞ்சித்தண்ணீரில் தசை வளராது. சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் 50 கிலோ எடைக்குத் தினமும் 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் சாளை மீனில் ஏறக்குறைய 20 கிராம், முட்டையில் 6 கிராம். கஞ்சியோடு பயறும் சேரட்டும்.

பிசியோதெரபிஸ்ட் வரும்போது நர்ஸ் அடுக்களைக்குப் போய்விடக் கூடாது. அவர் இருப்பது அரைமணி நேரம். மிச்ச நேரமெல்லாம் நர்ஸ்தானே? பிசியோதெரபிஸ்ட் கிடைக்கவில்லையென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். மூச்சு முட்டினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108.

எத்தனை நாள் என்று தேதி சொல்லமாட்டேன். இரவில் தானாக எழுந்து கழிப்பறை போய்வந்தால் நர்ஸ் பகலுக்கு மட்டும் போதும். தானே குளித்து, ஒரு சாயா போட்டுவிட்டால் பகலிலும் குறைக்கலாம். இரண்டு வாரம் இப்படிச் செய்தும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் டாக்டரிடம் திரும்பக் காட்டுங்கள்.

இன்னொன்று. நீங்கள் கூப்பிடும்போது கட்டிலுக்கே போனைக் கொண்டுபோய் நீட்ட வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லுங்கள். போன் சத்தம் கேட்டு அவசரத்தில் எழுந்து விழுந்தவர்கள் உண்டு. அதனால் நேரம் குறித்துக்கொள்ளுங்கள்: தினமும் மாலை ஐந்து மணி, படிப்புரை (வாசல் திண்ணை) நாற்காலி. நாலே முக்காலுக்கே அம்மா வாக்கரை எடுத்துவிடுவார்.