லேபர் கோர்ட்டில் ஜெயித்த பிறகு ஹைகோர்ட்டில் எல்லாம் முதலிலிருந்தா?

"நடுவர் தீர்ப்பில் வேலை திரும்பக் கிடைத்தது. நிர்வாகம் ஹைகோர்ட்டில் ரிட் போட்டுவிட்டது. இனி எல்லாவற்றையும் மறுபடி நிரூபிக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே பயத்தோடு ஐந்து வருடம் இருந்தவன் நான். நீங்கள் சொல்வது லேபர் கோர்ட் தீர்ப்பு என்றே எடுத்துக்கொள்கிறேன், நம் பக்கம் பெரும்பாலும் அதுதான்.

வேண்டாம். ரிட் என்பது, கீழ்க் கோர்ட் முடிவில் சட்டப்படி கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் மனு. அப்பீல் இல்லை. சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்ற மாட்டார்கள். லேபர் கோர்ட்டுக்கு அதிகாரம் இருந்ததா, இரு தரப்பையும் கேட்டதா, ஆதாரமே இல்லாமல் ஒரு முடிவுக்கு வந்ததா, சட்டப் பிழை வெளிப்படையாகத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஒரு பஸ் பெர்மிட் தகராறில், சையத் யாகூப் வழக்கில், சுப்ரீம் கோர்ட் போட்ட கோடு இது.

என் கதை. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் 14 வருடம் வேலை பார்த்தேன். சூப்பர்வைசரை அடித்தேன் என்று சார்ஜ் மெமோ கொடுத்தார்கள். உள் விசாரணை நாலு நாளில் முடிந்தது. 2006இல் டிஸ்மிஸ். லேபர் கோர்ட்டில் எங்கள் வக்கீல் குறுக்கு விசாரணை செய்தபோது, கண்ணால் பார்த்ததாகச் சொன்ன ஒரே சாட்சி, அந்த நேரத்தில் தான் கேண்டீனில் இருந்ததை ஒப்புக்கொண்டார். 2011இல் வேலையும், வெளியே இருந்த காலத்துக்கான சம்பளத்தில் (பின்சம்பளம்) பாதியும் தரச் சொல்லி அவார்டு, அதாவது லேபர் கோர்ட் தீர்ப்பு, வந்தது. இரண்டே மாதத்தில் நிர்வாகம் ஸ்டே வாங்கியது.

2016இல் ஹைகோர்ட்டில் என்னைக் காப்பாற்றியது அந்தச் சாட்சி கேண்டீனில் இருந்ததை ஒப்புக்கொண்ட குறுக்கு விசாரணைப் பக்கம்தான். லேபர் கோர்ட் சாட்சியைத் தப்பாகப் புரிந்துகொண்டது என்று கம்பெனி வக்கீல் வாதாடினார். நீதிபதி அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, இதை நான் மறுபடி எடைபோட முடியாது என்றார். வேலை நிலைத்தது. பின்சம்பளத்தை மட்டும் கால் பங்காகக் குறைத்தார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுத்ததாகிவிடும்.

நான் செய்த தப்பு ஒன்று. தொழில் தகராறு சட்டத்தின் 17பி பிரிவு எனக்குத் தெரியாது. வேலையில் சேர்க்கச் சொன்ன அவார்டை எதிர்த்து நிர்வாகம் ஹைகோர்ட் போனால், வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் தர வேண்டும். வேறு எங்கும் வேலையில் இல்லை என்று நாம் அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) போட வேண்டும். நான் ஒன்றரை வருடம் கழித்துத்தான் போட்டேன். எனக்கு அந்தத் தேதியிலிருந்துதான் கிடைத்தது. அதற்கும் என் மச்சான் டீக்கடையில் நான் நின்ற போட்டோவைக் கொண்டுவந்து, சம்பாதிக்கிறான் என்றார்கள். வீட்டுக்காரியின் தாலிக்கொடி அடகில் இருந்த நேரம் அது. இன்னமும் ஆறவில்லை.

சட்டம் படித்தவர்கள் வந்து திருத்துவார்கள், திருத்தட்டும். நான் வக்கீல் இல்லை. நிர்வாகத்துக்குக் கோர்ட் போக உரிமையே கிடையாது என்றும் நான் சொல்லவில்லை. உங்களுடையது நிஜமாகவே 10ஏ பிரிவில் இரு தரப்பும் சேர்ந்து நியமித்த நடுவர் என்றால் ஒன்று கவனியுங்கள்: 17பி பிரிவில் நடுவர் என்ற சொல்லே இல்லை, அதனால் அந்த மாதச் சம்பளம் கிடைக்காமல் போகலாம். ஆனால் அவர் தீர்ப்பையும் ஹைகோர்ட் பார்க்கலாம். குஜராத் ஸ்டீல் ட்யூப்ஸ் வழக்கில் நடுவர் தொழிலாளர்களுக்கு எதிராகச் சொன்னார், குஜராத் ஹைகோர்ட் அதை மாற்றியது, 1979இல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வின் பெரும்பான்மை ஹைகோர்ட் பக்கம் நின்றது. அப்புறம், இதெல்லாம் 1947ஆம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. உங்கள் வழக்கு எதில் வரும் என்று வக்கீலிடம் கேளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குத் திரும்பிய பிறகு என்னைப் படுத்தியது பி.எஃப். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, கம்பெனி ரெக்கார்டில் வெறும் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க எட்டு மாதம் அலைந்தேன். இனிஷியல் வைத்து எழுதுவது நம் வழக்கம், அதற்கு நாம் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

சரி, உங்கள் விஷயம். ரிட் நோட்டீஸ் கையில் வந்திருந்தால் இந்த வாரமே அந்த 17பி அஃபிடவிட்டைப் போட வக்கீலிடம் சொல்லுங்கள். குறுக்கு விசாரணைப் பக்கங்களுக்குச் சான்றிட்ட நகல் வாங்கி நீங்களும் ஒரு செட் வைத்துக்கொள்ளுங்கள்.