தோப்பை மகன் பேருக்கு எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 64 வயசுங்க, பொள்ளாச்சிப் பக்கம். வீட்டுக்காரர் தவறி ரெண்டு வருசமாச்சு. பேங்க்ல 18 லட்சம் கெடக்குது. எங்கப்பா எழுதிக் கொடுத்த ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்பு எம்பேர்ல இருக்குது. பையன் திருப்பூர்ல பனியன் ஜாப் ஒர்க் பண்றான். புது மிஷின் போட 12 லட்சம் கேக்கறான், தோப்பையும் அவம்பேருக்கு எழுதச் சொல்றான். பொண்ணு கோயமுத்தூர்ல. அவ எதுவும் கேக்கலைங்க. நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சுல்லன்னு ஒறம்பறையெல்லாம் சொல்றாங்க. இன்னொண்ணு, கேக்கவே கூச்சமா இருக்குது. நெகமம் சேலை நாலு எடுக்கணும்னு ஆசை. இந்த வயசுல தேவைங்களா?

பதில்: அம்மா, தோப்பு விஷயத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

தான செட்டில்மெண்ட் பதிந்துவிட்டால் சொத்து அன்றைக்கே கைமாறிவிடும். பிறகு மனசு மாறினாலும் நீங்களாக ரத்து செய்ய முடியாது. கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பார்க்காமல் விட்டால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் பெற்ற பிள்ளை மேல் மனுக் கொடுக்க எந்த அம்மாவுக்குக் கை வரும்? என்னிடம் வந்த ஓர் அம்மா, எழுதிக் கொடுத்த மறு வருஷம் பொங்கலுக்குத் தன் தோப்பில் நாலு தேங்காய் எடுத்திருக்கிறார். “சொல்லிட்டு எடும்மா, கணக்கு ஒதைக்குது” என்றானாம் மகன். கெட்டவன் இல்லை, கணக்குப் பார்க்கிறவன். அதைச் சொல்லும்போது அந்தம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார், பையின் வாரைத் திருகியபடி.

மகனுக்குத்தான் தோப்பு என்றால் உயிலில் எழுதுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சிகள் போதும். எத்தனை முறையும் மாற்றலாம், உங்கள் காலம்வரை தோப்பு உங்களுடையது. எதுவும் எழுதாமல் விட்டால் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. போட்ட நகையையும் செய்த சீரையும் சட்டம் கழித்துக்கொள்வதில்லை. மகள் கேட்கவில்லை என்கிறீர்கள். நீங்கள் கேட்டீர்களா?

அடுத்து 12 லட்சம். மகன் உழைப்பாளியாகவே இருக்கட்டும், தொழில் அவர் கையில் மட்டும் இல்லையே. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் என்ன பாடு பட்டது என்று அவரே சொல்வார். மிஷினுக்கு பேங்க் கடன் வாங்கட்டும். சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 10 லட்சம் வரை ஈடு கேட்பதில்லை. நீங்கள் 3 லட்சம் கொடுங்கள், ரொக்கமாக வேண்டாம், பேங்க் வழியாக. கடன் என்று ஒரு தாளில் எழுதியும் வாங்குங்கள். ஜாமீன் கையெழுத்து மட்டும் கூடவே கூடாது, அது தோப்பைச் சுற்றிவளைத்துக் கொடுப்பது மாதிரிதான்.

மீதி 15 லட்சத்தில் 12 லட்சத்தை போஸ்ட் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,600 ரூபாய் வரும். போடுகிற நாளில் இருக்கும் வட்டி 5 வருஷமும் மாறாது. நாமினி பெயரை அன்றைக்கே எழுதிவிடுங்கள். இடையில் எடுத்தால் பிடித்தம் உண்டு, அதனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 3 லட்சம் பேங்க் டெபாசிட்டிலேயே இருக்கட்டும். தோப்பு வருமானத்தை நம்பிக் குடும்பச் செலவுக்குக் கணக்குப் போடாதீர்கள். வெள்ளை ஈயும் வேர் வாடலும் உங்கள் பக்கத்துத் தோப்புகளை என்ன செய்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சேலைக்கு வருகிறேன். 12 லட்சத்தைத் தயங்காமல் எழுதிய நீங்கள் நாலு பருத்திச் சேலைக்குக் கூச்சப்படுகிறீர்கள்! முதல் வட்டியிலேயே எடுங்கள். அரக்கு பிடித்தால் அரக்கு, மாம்பழ மஞ்சள் பிடித்தால் மஞ்சள். வீட்டுக்காரர் இல்லாதவர் வெளிர் நிறம்தான் கட்ட வேண்டும் என்று சொல்லும் ஒறம்பறை, உங்கள் செலவுக்கு ஒரு ரூபாய் தருவதில்லை.

நெகமத்துக்குப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தோப்பைப் பற்றி அவளிடம் கேட்க அந்த பஸ் பயணம் போதும்.