அலமாரிக்குள் வைக்கப்பட்ட மணி

கேள்வி: யாங்கோனை அடுத்த தன்லியினில் மனைவி மக்களோடும், பக்கவாதத்தால் படுத்திருக்கும் 82 வயதுத் தாயாரோடும் வசிக்கிறேன். 1964இல் கடைகள் அரசுடைமையாகி மாமாக்கள் சென்னைக்குக் கப்பலேறியபோது, நோயாளியான பாட்டிக்காக இங்கேயே தங்கிவிட்டவர் அம்மா. தினமும் விடியற்காலை நாலரை முதல் ஆறு மணிவரை ஜெபத்திலும் வேதவாசிப்பிலும் செலவிடுகிறேன். வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறேன். மனைவி ஆறு மணிக்குத்தான் எழுவார் என்பதால், ஜெபத்துக்கு இடையூறு வராமலிருக்க, அம்மா கூப்பிடுவதற்காகத் தலைமாட்டில் வைத்திருக்கும் மணியை அந்த நேரம் மட்டும் எடுத்து அலமாரியில் வைத்துவிடுவேன். பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லை என்கிறது எபிரெயர் 12:14. பர்மாவில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரியான, மோல்மீன் ஊர்க் காட்டில் தனித்திருந்து தேடிய ஜட்சன் ஐயரைப்போல நானும் தேடுகிறேன். ஆனாலும் தேவசமுகத்தை உணர முடியவில்லை. என்னிடம் என்ன குறை?

பதில்: சகோதரரே, ஜெபத்தில் வறட்சி என்று எழுதுகிறவர்கள் ஆண்டுதோறும் பலர். அவர்களுக்கெல்லாம் பொறுமையோடு காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு அதைச் சொல்லப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் அந்த மணியைப் பற்றி வருவது ஒரே வாக்கியம். அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

ஒரு பக்கம் விளங்காத முதியவர் விடியற்காலையில் எதற்காகக் கூப்பிடுவார்? சிறுநீர் கழிக்க, வறண்ட தொண்டைக்கு ஒரு வாய் தண்ணீர் கேட்க, மின்சாரம் நின்றுபோன இருட்டில் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று அறிந்துகொள்ள. ஒன்றரை மணி நேரம் அவர் கூப்பிட வழியில்லாமல் ஈரத்தில் கிடக்க, சுவருக்கு இந்தப் பக்கம் நீங்கள் முழங்காலில் நிற்கிறீர்கள். மணியை எடுக்கும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தாரா, உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. விழித்துத்தான் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்த வயதில், அந்த உடம்போடு, அந்நேரத்தில் தூக்கம் எங்கே வரும்?

நீங்கள் நாடும் பரிசுத்தத்தை வேதத்திலேயே பாருங்கள். நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள் என்று லேவியராகமம் 19:2இல் சொன்ன கர்த்தர், அடுத்த வசனத்தில் உபவாசத்தையோ பலியையோ சொல்லாமல், அவனவன் தன் தாய்க்கும் தகப்பனுக்கும் பயந்திருக்கவேண்டும் என்கிறார். ஓய்வுநாள்கூட அதற்குப் பிறகுதான் வருகிறது. பத்துக் கட்டளைகளில் தகப்பனை முதலில் வைத்தவர் இங்கே தாயை முதலில் வைக்கிறார். அதே அதிகாரத்தில் கூலியாளின் கூலியை விடியுமட்டும் பிடித்துவைக்கக் கூடாது என்கிறார்; 32ஆம் வசனத்திலோ நரைத்தவருக்கு முன்பாக எழுந்து நிற்கச் சொல்கிறார். நீங்களும் நாலரைக்கு எழுகிறீர்கள், ஆனால் உங்கள் வீட்டிலுள்ள நரைத்த தலைக்காக அல்ல. நீங்கள் காட்டிய எபிரெயர் வசனத்தின் முற்பகுதியையும் விட்டுவிட்டீர்கள்: பரிசுத்தத்துக்கு முன்பாக, யாவரோடும் சமாதானமாயிருக்க நாடுங்கள் என்று இருக்கிறது. யாவரிலும் முதல் ஆள் பெற்றவள் அல்லவா?

ஜட்சனைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். அவர் சாட்சியை முழுவதும் கேளுங்கள். 1826இல் மனைவி ஆன் அம்மையார் இறந்தபின் துக்கம் எல்லை மீறிக் காட்டில் குடிசை போட்டு, கல்லறைக் குழி ஒன்றை வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். 1829 அக்டோபரில், தேவன் தமக்கு அறியப்படாதவராகவே இருக்கிறார் என்றும், அவரை விசுவாசித்தும் கண்டடையவில்லை என்றும் எழுதினார். அந்தத் தனிமையின் அடியாழம் அதுதான். அதன்பின் மனிதரிடமும் வேலையிடமும் திரும்பி வந்த ஜட்சனே 1834இல் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தவர். மாதிரி வேண்டுமென்றால், 1824இல் அன்றைய பர்மியத் தலைநகரான ஆவாவில் கணவர் விலங்கோடு கிடந்தபோது சிறைவாசலுக்குச் சோறு சுமந்துபோன ஆன் அம்மையாரையே உங்களுக்குக் காட்டுவேன்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 21 வயதில், கூடப்பிறந்தவர்கள் கப்பலேறிப் போவதைப் பார்த்துக்கொண்டு, படுக்கையிலிருந்த தாய்க்காகக் கரையில் நின்ற ஒரு பெண் உங்கள் அடுத்த அறையில் இருக்கிறார். அவர் அன்று செய்ததை நீங்கள் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு நீங்கள் செய்வதை இடையூறு நீக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். தாயின் குரலை அடைத்துவிட்டுச் செய்வதை ஜெபம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். மனைவியை நடுவில் வைத்து அல்ல, நீங்களே கேளுங்கள். மணியை நல்ல கைக்கு எட்டும்படி கட்டிலில் கயிற்றால் கட்டிவையுங்கள். நாலரைக்கு எழுந்ததும் முதலில் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, தண்ணீர் கொடுங்கள். பிறகு உங்கள் நாற்காலியை அவர் கட்டிலருகே போட்டு, அவருக்கும் கேட்கும்படி வாசியுங்கள். வெள்ளிக்கிழமை உங்களுக்குச் சோறு வேண்டாமென்றால், அந்த நேரத்தில் அவருக்குக் கஞ்சி ஊட்டுங்கள். வாசிப்பின் நடுவே எதற்காவது அழைத்தால் வேதத்தைத் திறந்தபடியே வைத்துவிட்டு எழுந்திருங்கள்.